வளைந்த கால்விரல்: இழுத்துக் கட்டினால் நேராகுமா?

கேள்வி: எனக்கு வயது 14. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் ஊர். ஒன்பதாவது படிக்கிறேன். இரண்டு காலிலும் மூன்றாவது, நாலாவது விரல்கள் வளைந்து பக்கத்து விரலுக்கு அடியில் போய் நிற்கின்றன. வலி இல்லை. பள்ளியில் திருவாதிரைக்களி நடனத்துக்கு என்னைச் சேர்த்திருக்கிறார்கள். வெறுங்காலோடு ஆட வேண்டும். கூட ஆடுகிற பிள்ளைகள் காலைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். துணியால் இழுத்துக் கட்டினால் நேராகும் என்கிறார் அம்மாயி. போனில் பார்த்த விரல் நிமிர்த்தும் ரப்பரை வாங்கலாமா? இரண்டாவது விரல் கட்டைவிரலைவிட நீளம் என்று வேறு கேலி. வளர வளர இன்னும் கோணலாகுமா?

பதில்: கண்ணு, முதலில் உன் அம்மாவின் காலையும் அப்பாவின் காலையும் பார். யாராவது ஒருவருக்கு இதே மாதிரி விரல் இருக்க வாய்ப்பு அதிகம். இது குடும்பத்தில் வருவது. பெரும்பாலும் இரண்டு காலிலும் இருக்கும். நீ உட்கார்ந்த விதமோ, சாப்பாட்டில் கால்சியம் குறைந்ததோ காரணம் இல்லை.

விரலை மடக்கும் தசைநாண் கொஞ்சம் குட்டையாக, இறுக்கமாக இருப்பதால் விரல் கீழே வளைந்து நிற்கிறது. நீயே சோதித்துப் பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டு, வளைந்த விரலைக் கையால் மெதுவாக நிமிர்த்து. நேராக வருகிறதா? சரி, மூட்டு நன்றாக இருக்கிறது. இப்போது பாதத்தை உன் பக்கம் மடக்கு. நாண் இழுபட்டு விரல் மறுபடி சுருண்டுகொள்ளும். உன் வயதில் நான் பார்ப்பது விரல் எவ்வளவு நேராக இருக்கிறது என்பதை அல்ல, எவ்வளவு இளக்கமாக இருக்கிறது என்பதைத்தான்.

அம்மாயி சொல்கிற கட்டு வேண்டாம். கட்டியிருக்கும்வரை நேராக நிற்கும், அவிழ்த்தால் பழைய இடத்துக்கே போகும். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் குறைந்து புண்ணாகலாம். ரப்பரும் அப்படித்தான், விரல்கள் உரசாமல் இருக்க உதவும், நிமிர்த்தாது. அம்மாயிக்கு மனசு கேட்காவிட்டால் எண்ணெய் தேய்த்து நீவிவிடட்டும், கெடுதல் இல்லை. சில குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே இது தானாகச் சரியாகிவிடும். 14 வயதுக்குப் பிறகு அப்படி ஆகும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். வலி, புண் என்று தொந்தரவு கொடுத்தால் அந்த நாணைத் தளர்த்த ஒரு சிறு அறுவை சிகிச்சை இருக்கிறது. அழகுக்காக மட்டும் என்றால் நான் சம்மதிக்க மாட்டேன்.

வளர வளரக் கோணலாகுமா என்று பயப்படுகிறாய். உடம்பில் முதலில் வளர்ந்து முடிகிறவற்றில் பாதமும் ஒன்று. பெண் பிள்ளைகளுக்கு 13, 14 வயதிலும் பையன்களுக்கு 15, 16 வயதிலும் பாத வளர்ச்சி அநேகமாக நின்றுவிடும். அதனால் இனி இந்த விரல் பெரிதாக மாறாது. மாற்றக்கூடியது ஒன்று உண்டு, அது ஷூ.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வாங்கிய ஷூவையே அடுத்த ஜூன் வரை இழுக்கிறோம். அக்காவுக்குச் சின்னதாகிப்போன ஷூ தங்கைக்கு வருகிறது. முனை குறுகிய, நீளம் பற்றாத ஷூவுக்குள் ஏற்கெனவே வளைந்த விரல் இன்னும் நெருக்குப்பட்டால், வருடங்கள் போகப்போக அந்த மூட்டு நிமிராமல் இறுகிப்போகும். மேலே காய்ப்பு காய்க்கும். இளக்கமான விரலைக் கெட்டி விரலாக்குவது இப்படித்தான். அதனால் சாயங்காலம், பாதம் லேசாக வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு தாளின் மேல் எழுந்து நின்று இரண்டு பாதத்தையும் வரைந்துகொள். ஷூவின் அடிப்பாகத்தை அதன்மேல் வைத்துப் பார்; கோடு வெளியே தெரிந்தால் அந்த ஷூ உனக்கு ஆகாது. மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டராவது இடம் வேண்டும். உனக்கு நீளமான விரல் இரண்டாவது என்பதால் அதிலிருந்து அளக்க வேண்டும். கடைக்காரர் கட்டைவிரலை அமுக்கிப் பார்த்துவிட்டு ‘சரியா இருக்கு’ என்பார், நம்பாதே. இரண்டாவது விரல் நீளமாக இருக்கிற பெண் புருஷனை அடக்குவாள் என்பார்கள். மருத்துவத்தில் அதற்கு ஆதாரம் இல்லை. ஷூ அரை சைஸ் பெரிதாக வேண்டும், அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. ஒன்றின் கீழ் ஒன்று ஒளிந்திருக்கும் விரல்களுக்கு நடுவே ஈரம் தங்கி சேற்றுப்புண் வரும். வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்கை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துடைத்துவிடு. நனைந்த சாக்ஸை மறுநாள் போடாதே.

திருவாதிரைக்களி தாராளமாக ஆடு. வெறுங்காலோடு ஆடுவது இந்த விரலுக்கு எந்தக் கெடுதலும் செய்யாது. சிரிக்கிறவர்கள் தங்கள் காலையும் ஒருமுறை உற்றுப் பார்க்கட்டும். சுண்டுவிரல் நேராக இருக்கிறவர்களே குறைவு.

ஆனால் சில மாற்றங்களை அம்மாவிடம் மறைக்காதே. முன்பு நேராக இருந்த விரல்கள் இப்போது சுருள ஆரம்பித்தால், பாத வளைவு வரவர உயர்ந்துகொண்டே போனால், அடிக்கடி தடுக்கி விழுந்தாலோ கணுக்கால் பிசகினாலோ, பாதம் மரத்துப்போனால், அது நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். ஒரு காலில் மட்டும் நாலாவது விரல் குட்டையாகி மேலே ஏறுவது, கட்டைவிரல் மூட்டு புடைத்து வலிப்பது இவையும் காட்ட வேண்டியவை. அப்போது பாலக்காட்டிலோ கோவையிலோ எலும்பு மருத்துவரிடம் போங்கள். அன்றாடம் போடும் ஷூவையும் கையோடு கொண்டுபோ. அது எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று அவர் பார்க்க வேண்டியிருக்கும்.