ஏலகிரியில் கேரவன் எங்கே நிறுத்துவது? கேள்வி பதில்

டெம்போ டிராவலரை வீடாக மாற்றி ஓட்டும் காட்பாடிக்காரர் ஒருவர், கேரவன் குழு உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

ஓசூரிலிருந்து: அண்ணே, புங்கனூர் ஏரி தெரிகிற மாதிரி இடம் வேண்டும். எதையெல்லாம் பார்த்து முடிவு செய்வது?

ஏரி தெரியுமா என்பதைக் கடைசியில் கேளுங்கள் தம்பி. கேரவனுக்கென்றே மின்சாரம், தண்ணீர், கழிவுக்குழாய் போட்டு வைத்த இடம் நம் பக்கம் அரிது. ரிசார்ட் வளாகத்திலோ தோப்பிலோ ஓர் ஓரம் ஒதுக்கித் தருவார்கள். அந்த ஓரம் எப்படி இருக்கிறது என்பதுதான் விஷயம்.

முதலில் தரை. மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி, மழைக்குப் பிறகு செம்மண்ணிலோ புல்வெளியிலோ நின்றால் காலையில் டிராக்டர் தேட வேண்டியிருக்கும். ஜல்லி கொட்டிய இடமா என்று கேளுங்கள். சரிவாக இருந்தால் தூக்கமும் வராது, தொட்டித் தண்ணீரும் ஒரு பக்கமாக நிற்கும்.

அடுத்தது பிளக். "கரண்ட் இருக்கு சார்" என்பார்கள். போய்ப் பார்த்தால் போன் சார்ஜ் போடும் சின்ன பிளக்காக இருக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டில் 230 வோல்ட்டுக்கு 1,380 வாட்தான் தாங்கும். அதில் 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டால் ஒயர் சூடாகும், ஃபியூஸ் போகும். 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும், எர்த் கட்டாயம் வேண்டும். எர்த் இல்லாத இடத்தில் கசிவு ஏற்பட்டால் வண்டியின் இரும்பு உடம்பு முழுக்க ஷாக் அடிக்கும். போனில் சாக்கெட்டின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.

அப்புறம் கேட். உங்கள் வண்டியின் உயரத்தைச் சொல்லி, வழியில் தாழ்வான ஒயரோ மாமரக் கிளையோ உண்டா என்று கேளுங்கள். அகலத்தை எல்லோரும் கேட்கிறார்கள், உயரத்தை மறந்துவிடுகிறார்கள்.

எங்கே தங்கினாலும், இருட்டுவதற்குள் மலை ஏறிவிடுங்கள்.

திருப்பத்தூரிலிருந்து: ஏரியைப் பார்க்கத்தானே மலை ஏறுகிறோம்? தோப்பில் படுப்பதற்கு ஏலகிரி எதற்கு, ஜோலார்பேட்டையிலேயே படுக்கலாமே!

ஏரியைப் பகலில் பார்க்கலாம், ராத்திரியில் அங்கே தெரிவது இருட்டுதான். தண்ணீர் ஓரம் என்றால் ஈர மண், கொசு, சனி ஞாயிறு படகுத்துறைக் கூட்டம். ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்றுவிட்டு, காலையில் நடந்து போய்ப் பாருங்கள்.

அத்தனாவூரிலிருந்து: அண்ணன் சொல்வது சரி. விடுமுறை நாளில் ஏரிப் பக்கம் கார்களே ஒன்றன்மேல் ஒன்று நிற்கும். வேன் நுழைந்தால் திரும்பி வர வழியிருக்காது.

மறுபடி திருப்பத்தூரிலிருந்து: நான் பிப்ரவரியில் ஏரிப் பக்கம்தான் நிறுத்தினேன். ஒரு தொந்தரவும் இல்லை. சும்மா பயமுறுத்தாதீர்கள்.

பிப்ரவரியில் தரை காய்ந்து கிடக்கும். அதுவும் வாரநாளாக இருந்திருக்கும், சரியா? அப்படியானால் நிறுத்துங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. அதே இடத்தில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் எப்படி வந்தது என்று பார்த்தவர்கள்தானே நாம்? ஏரிக்கு உள்ளே வரும் கால்வாயும் வெளியே போகும் கலங்கலும் எங்கே என்று தெரியாமல் கரையோரம் வண்டியைப் போடக் கூடாது.

மூன்றாம் முறையும் திருப்பத்தூரிலிருந்து: கலங்கல் எங்கே என்று எனக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியும். சென்னையிலிருந்து வருகிறவருக்குத் தெரியுமா? அவருக்குத்தான் சொல்கிறேன். இதை இத்தோடு விடுவோம்.

சென்னையிலிருந்து: கொண்டை ஊசி வளைவுகளில் கேரவன் ஏறுமா சார்?

வளைவுகள் 14. புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளைப் படித்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். டெம்போ டிராவலர் அளவு வண்டி தாராளமாக ஏறும். காருக்குப் பின்னால் இழுத்து வரும் டிரெய்லர் வேண்டாம், வளைவில் எதிரே பஸ் வந்தால் பின்னுக்கு எடுக்க முடியாது. தண்ணீர்த் தொட்டியை மேலே போய் நிரப்புங்கள். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூடாகிப் பிடிக்காமல் போகும். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இருட்டுவதற்குள் ஏறிவிடுங்கள் என்று மறுபடியும் சொல்கிறேன்.

ஆரணியிலிருந்து: பேட்டரியில் ராத்திரி முழுக்க ஏசி ஓடுமா?

12 வோல்ட் 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியில் இருப்பது சுமார் 1.2 யூனிட். ஒரு டன் ஏசி ஒரு மணி நேரம் ஓடினாலே பெரிது. ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் ஊரில் ஏசி எதற்கு? கொசுவலை கட்டி ஜன்னலைத் திறங்கள்.

குடியாத்தத்திலிருந்து: குளிருக்கு வண்டிக்குள் கரி அடுப்பு வைக்கலாமா?

கூடாது, கூடவே கூடாது. மூடிய வண்டிக்குள் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையே இருக்காது, தூக்கத்திலேயே உயிர் போகும். வண்டிக்கு அடியிலோ ஜன்னல் பக்கத்திலோ ஜெனரேட்டர் ஓட்டுவதும் இதே ஆபத்துதான். கம்பளி எடுத்து வாருங்கள்.

பெங்களூரிலிருந்து: ஏரி தெரிகிற இடம் ஏதாவது சொல்லுங்களேன். ஆம்பூர் பிரியாணியும் வழியில் கிடைக்குமா?

முதல் கேள்விக்கு மேலே படியுங்கள். இரண்டாவதற்கு: பெங்களூரிலிருந்து வருகிறவருக்கு ஆம்பூர் வழியில் இல்லை, வாணியம்பாடியைத் தாண்டிப் போக வேண்டும். வாணியம்பாடியிலேயே சாப்பிடுங்கள், குறையொன்றும் இல்லை.

வேலூரிலிருந்து: ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகம் பக்கம் காட்டோரம் நிறுத்தலாமா? நட்சத்திரம் பார்க்க ஆசை.

காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் ராத்தங்கல் கிடையாது. ஜமுனாமரத்தூர் பக்கம் தங்கும் விடுதிகளில் இடம் கேளுங்கள். காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி கொண்ட தொலைநோக்கியை வைத்ததே இருட்டுக்காகத்தான். வண்டிக்கு வெளியே கலர் பல்பு தொங்கவிடாதீர்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து, ஒரு அக்கா: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கழிவறைத் தொட்டியை எங்கே காலி செய்வது?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும் அக்கா. இடத்துக்காரரிடம் சொல்லி அவருடைய கழிவறையில் ஊற்றித் தண்ணீர் விடுங்கள். நாற்றம் வராமலிருக்கத் தொட்டியில் பார்மலின் என்ற கிருமிநாசினி கலந்த திரவம் போட்டிருந்தால் அவருடைய செப்டிக் டேங்கில் வேலை செய்யும் பாக்டீரியா செத்துவிடும். அது கலக்காத திரவம் வாங்குங்கள். ஓடையில் யாராவது ஊற்றுவதைப் பார்த்தால் திட்டுங்கள், என் பங்குக்கும் சேர்த்து. கீழே இருப்பவர்கள் குடிக்கிற தண்ணீர் அது.

காட்பாடியிலிருந்து: வேனைக் கேரவனாக மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் மாற்ற வேண்டுமா?

ஆமாம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள்.

அரக்கோணத்திலிருந்து: ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்தால் ஏரிப் பக்கம் இடம் கிடைக்குமா?

தம்பி, மேலே எதையுமே படிக்கவில்லையா? வாணியம்பாடியில் அறை எடுத்துத் தூங்கிவிட்டுக் காலையில் ஏறுங்கள்.