சொல் அறிவோம்: நரை

கேள்வி: என் பேத்தி என் தலையைப் பார்த்து "பாட்டி, உங்க கிரே ஹேர் ரொம்ப அழகு" என்கிறாள். "நரைச்ச தலைதானே, இதில் என்ன அழகு" என்று நான் சொன்னால், "அப்படிச் சொல்லாதீங்க, கேட்கவே நல்லா இல்லை" என்று கோபித்துக்கொள்கிறாள். நரை என்பது கொச்சையான சொல்லா? எங்கிருந்து வந்தது? (ஒரு வாசகி)

பதில்: கொச்சை இல்லை அம்மா. சங்கப் புலவர்கள் பாட்டில் வைத்த சொல்லை, ஓர் எழுத்துக்கூட மாறாமல் நீங்கள் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பேத்திக்கு உங்கள் தலைமுடி பிடித்திருக்கிறது. சொல்லையும் பிடிக்க வைத்துவிடலாம்.

நரை என்பதற்கு அகராதியில் வெண்மை என்றே பொருள் உண்டு. சாம்பல் நிறம் என்பது நம் சொல்லில் கிடையாது. உண்மையில் முடியில் நடப்பதும் அதுதான். மயிர்க்காலில் மெலனின் என்ற நிறமி ஊறுவது குறைந்து, பிறகு நின்றுவிடுகிறது. நிறமி இல்லாமல் முளைக்கும் முடி வெள்ளையாக வருகிறது. கருப்பும் வெள்ளையும் கலந்து கிடப்பதைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் சாம்பலாகத் தெரியும், அவ்வளவுதான். ஒற்றை முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நரை என்ற சொல் எவ்வளவு சரியானது என்று தெரியும்.

நம் புலவர்கள் அந்த வெள்ளையை நெருங்கி நின்று பார்த்தவர்கள். புறநானூற்றின் 277ஆம் பாட்டு, பூங்கண் உத்திரையார் பாடியது, இப்படித் தொடங்குகிறது: "மீன்உண் கொக்கின் தூவி அன்ன வால்நரைக் கூந்தல் முதியோள் சிறுவன்". வால் என்றாலும் வெண்மைதான். வால்நரை என்றால் தூய வெள்ளை நரை. மீன் தின்னும் கொக்கின் இறகைப் போன்ற கூந்தல் அந்த முதியவளுக்கு. மகன் போரில் யானையை வீழ்த்திவிட்டு இறந்தான் என்ற செய்தி அவளுக்கு வருகிறது. அவனைப் பெற்ற பொழுதைவிடப் பெரிய மகிழ்ச்சி, கூடவே மூங்கிலில் தொங்கும் மழைத்துளிகளைவிட அதிகமான கண்ணீர். ஆறே அடிதான். வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம், கொக்கின் இறகைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் யார் என்று பிள்ளைகளைக் கேட்பேன். எப்போதும் ஒன்றிரண்டு கை உயரும். அந்தப் பிள்ளைகளுக்கு உரை தேவைப்பட்டதில்லை.

மணிமேகலையில் இன்னொரு நரைத்த தலை உண்டு. உதயகுமரனிடம் ஒரு மூதாட்டியைக் காட்டி, "தண்ணறல் வண்ணந் திரிந்துவே றாகி வெண்மணலாகிய கூந்தல் காணாய்" என்கிறாள் மணிமேகலை. அறல் என்பது ஆற்றுநீர் ஓடி ஓடி வரிவரியாகப் படியும் கருமணல். பெண்ணின் கருங்கூந்தலுக்கு அதை உவமை சொல்வது பழைய வழக்கம். சாத்தனார் அதே ஆற்றில் நின்றுகொண்டு, கருமணல் வெண்மணல் ஆகிவிட்டது என்கிறார். இளமை நிலைக்காது என்று இளவரசனுக்குச் சொல்ல வந்த இடம்தான் அது. ஆனாலும் அந்த மூதாட்டியின் தலையை அவர் இழிவாக வருணிக்கவில்லை என்பது என் எண்ணம். "நரை" என்ற சொல்லே இந்த இரண்டு அடியில் இல்லை; நரை முழுதாகக் கண்ணில் தெரிகிறது.

எல்லா இடத்திலும் மரியாதையாகவே வருகிறது என்று நான் சொல்ல மாட்டேன். நரிவெரூஉத்தலையார் புறநானூற்றின் 195ஆம் பாட்டில், "கயல்முள் அன்ன நரைமுதிர் திரைகவுள் பயனில் மூப்பின் பல்சான் றீரே" என்று முதியவர்களைக் கண்டிக்கிறார். மீன் முள்ளைப் போன்ற நரை! ஆனால் அவர் கோபம் எதன்மேல் என்று பாருங்கள். 'பயனில் மூப்பு' என்கிறார். நல்லது செய்ய முடியாவிட்டாலும் கெட்டதையாவது செய்யாதிருங்கள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. முடி வெளுத்ததற்கு யாரையும் அவர் திட்டவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது பழமொழி நானூற்றில் வரும் சோழன். வழக்குத் தீர்க்க அமர்ந்திருக்கிறவன் சிறு வயதுக்காரனாக இருக்கிறானே என்று முதியவர்கள் தயங்குகிறார்கள். அவன் "நரைமுடித்துச் சொல்லால் முறைசெய்தான்" என்கிறது பாட்டு. அதாவது நரைமயிரைத் தலையில் முடிந்துகொண்டு, முதியவர் கோலத்தில் வந்து தீர்ப்புச் சொன்னான். அவன் கரிகாலன் என்பது வழிவழியாக வரும் செய்தி. இன்று வெள்ளையை மறைக்கத் தலைக்குச் சாயம் பூசுகிறோம். அவன் கருப்பை மறைக்க நரையைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டான். உங்கள் பேத்திக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அப்புறம் அவளே "நரை" என்பாள்.

பேச்சிலும் இந்தச் சொல்லுக்கு எத்தனை வடிவம்! நரை விழுந்திருக்கு, நரை தட்டிருச்சு, நரையோடிப் போச்சு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கட்டம். முதல் வெள்ளை முடியைக் கண்ணாடியில் பார்த்தவர் "நரையோடிப் போச்சு" என்று சொல்ல மாட்டார். இந்தப் படிகளையெல்லாம் 'கிரே ஹேர்' என்ற ஒன்றுக்குள் அடக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: நரன் என்றால் மனிதன். மனிதனுக்கு வருவதால்தான் நரை என்று பெயர் வந்தது என ஒரு சொற்பொழிவில் கேட்டேன். சரியா? (ஒரு வாசகர்)

பதில்: சரியில்லை. நரன் வடசொல். நரைத்த முடிக்கு வடமொழியில் பலிதம் என்று வேறு சொல் இருக்கிறது. நம் சொல்லின் உறவுகளைப் பக்கத்து வீடுகளில் தேட வேண்டும். மலையாளத்தில் நர, கன்னடத்தில் நரெ, தெலுங்கில் நெரயு. பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் இவை ஒரே குடும்பமாக நிற்கின்றன. மலையாளிகள் சாயம் போன சட்டையையும் 'நரச்ச' சட்டை என்பார்கள். மனிதனிடமிருந்து வந்த சொல்லாக இருந்தால் சட்டைக்கு எப்படிப் போயிருக்கும்? நிறம் வெளுப்பதுதான் இதன் உயிர். ஒலி ஒத்துப்போனால் உறவு சொல்லிவிடும் பழக்கம் மேடைகளில் அதிகமாகிவிட்டது. கைதட்டலுக்காகச் சொற்களை வளைப்பது எனக்கு வேதனையாகவே இருக்கிறது.

கேள்வி: "நரை, திரை, மூப்பு" என்கிறோமே, இதில் திரை எது? கண்ணில் விழும் திரையா? (ஒரு மாணவி)

பதில்: தோலில் விழும் சுருக்கம். கடலலைக்கும் திரை என்றுதான் பெயர். இரண்டும் மடிந்து மடிந்து வருகின்றன. மேலே சொன்ன 195ஆம் பாட்டின் 'திரைகவுள்' சுருங்கிய கன்னம்தான்.

கேள்வி: இளநரையும் பித்தநரையும் ஒன்றா? (ஒரு வாசகர்)

பதில்: இளநரை என்பது வயதைச் சொல்லும் சொல், பித்தநரை என்பது காரணத்தைச் சொல்லும் சொல். சிறு வயதில் நரைத்தால் உடம்பில் பித்தம் கூடிவிட்டது என்று நம் முன்னோர் கருதினார்கள், அதனால் வந்த பெயர். இன்றைய மருத்துவம் பெரும்பாலும் பரம்பரையைக் காரணமாகச் சொல்கிறது. பி12 வைட்டமின் குறைவும் தைராய்டு கோளாறும்கூடக் காரணமாகலாம் என்பதால், பள்ளி வயதிலேயே நரை மிகுந்தால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. எழுத்தில் இளநரை என்றே எழுதுங்கள்.

கேள்வி: வெளிநாட்டுக் கதையொன்றை மொழிபெயர்க்கிறேன். கதாநாயகிக்கு 'பிளாண்ட்' முடி. செம்பட்டை என்று எழுதலாமா? (ஒரு மொழிபெயர்ப்பாளர்)

பதில்: வேண்டாம். செம்பட்டை என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் எண்ணெய் காணாமல், வெயிலில் அலைந்து, பழுப்பேறிய தலைதான் வரும். "எண்ணெய் வைக்காம தலை செம்பட்டையாக் கிடக்கு" என்று பிள்ளையை அதட்டாத தாய் உண்டா? உங்கள் கதாநாயகி செல்வச் செழிப்பில் வளர்ந்தவள் என்றால் அந்தச் சொல் அவளை ஏழையாக்கிவிடும். பொன்னிறக் கூந்தல் என்று எழுதுங்கள். அதே கதையில் கவனிப்பாரற்ற ஒரு சிறுவன் வந்தால் அவனுக்குச் செம்பட்டையைக் கொடுங்கள், கச்சிதமாகப் பொருந்தும்.

இந்தச் சொல்லை எடுத்ததால் தாய்மார்களுக்கும் ஒன்று. நல்ல கருப்பாக இருந்த குழந்தையின் முடி நிறம் மங்கிச் செம்பட்டையாக மாறி, கால் வீக்கமும் சோர்வும் சேர்ந்து தெரிந்தால், எண்ணெய்க் குறை என்று விட்டுவிடாதீர்கள். கடுமையான புரதக் குறைவிலும் முடி இப்படி நிறம் மாறும். தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.