டர்போ லாரியா, சாதா லாரியா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டர்போவைப் பற்றித்தான். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் ஃபேன் சுற்றி, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவிதான் டர்போ. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் அப்பாவின் டர்போ இல்லாத லாரி 10 லட்சம் கி.மீ. ஓடியது. இப்போது வரும் டர்போ வண்டிகள் அவ்வளவு தாங்குமா? (பண்ருட்டி)

தாங்கும். ஆனால் அந்த 10 லட்சத்துக்குள் எத்தனை தடவை லைனர், பிஸ்டன், ரிங் மாற்றினார்கள் என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. டர்போ இல்லாத இன்ஜினில் சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் குறைவு. ஆயில் கொஞ்சம் கெட்டாலும், ஃபில்டர் மாற்றத் தவறினாலும் பொறுத்துப்போகும். டர்போ இன்ஜின் பொறுக்காது. ஆனால் கம்பெனியிலேயே டர்போவுக்காகச் செய்த இன்ஜினில் பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட், பலமான ஹெட் கேஸ்கெட், பெரிய ஆயில் கூலர் எல்லாம் அந்தச் சூட்டுக்குக் கணக்குப் பண்ணி வைத்திருப்பார்கள். 1990களில் டாடா லாரிகளில் வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர் டர்போ இன்ஜினை ஓட்டியவர்கள் யாரையாவது கேளுங்கள், சொல்வார்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புகை மாசைக் குறைக்கும் விதி) வண்டிகளில் என் கவலை டர்போ இல்லை. புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு, புகையைச் சுத்தம் செய்யும் யூரியா சிஸ்டம், சைலன்சருக்குள் இருக்கும் கரி ஃபில்டர், சென்சார் ஆகியவைதான் வண்டியை அடிக்கடி பட்டறைக்குக் கொண்டுவருகின்றன.

புதுச்சேரி டீசல் விலை குறைவு. அதைப் போட்டால் டர்போ கெடும் என்கிறார்களே? (கடலூர்)

கெடாது. வரிதான் குறைவு. டீசல் அங்கேயும் இங்கேயும் அதே பிஎஸ்-6 தரம்தான். கேனில் வாங்கி வைத்துத் தண்ணீர் கலந்த டீசலை ஊற்றினால் டீசல் பீய்ச்சும் நாசில் போகும். அதற்குப் புதுச்சேரி என்ன செய்யும்?

மீன் லோடு வண்டி. மூன்று வருடத்தில் பிக்கப் குறைந்து கரும்புகை வருகிறது. டர்போ போய்விட்டதா? (முதுநகர்)

முதலில் இன்டர்கூலரையும் (டர்போ அழுத்திய காற்றை ஆறவைப்பது) அதன் ஹோஸ்களையும் பாருங்கள். துறைமுகத்து உப்புக்காற்றும் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீரும் அலுமினியத் தகடுகளையும் கிளாம்ப்புகளையும் அரித்துவிடும். அழுத்திய காற்று வழியில் கசிந்தால் டீசல் எரியக் காற்று பத்தாது. அதனால்தான் கரும்புகை. லோடு இறக்கியதும் முன்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷ் வேண்டாம், தகடு மடங்கிவிடும்.

டர்போ போய்விட்டது. புதிது போட்டேன், அதுவும் ஒரே மாதத்தில் போய்விட்டது. எந்த கம்பெனி டர்போ நல்லது? (நெல்லிக்குப்பம், கரும்பு லோடு)

என்ன வண்டி, எத்தனை கிலோமீட்டர், என்ன ஆயில், முதல் டர்போ எப்படிப் போனது என்று ஒன்றுமே எழுதவில்லை. கம்பெனி பெயரை மட்டும் கேட்கிறீர்கள். எந்த கம்பெனி டர்போ போட்டாலும் உங்கள் வண்டியில் மூன்றாவதும் போகும். டர்போ பெரும்பாலும் தானாகச் சாவதில்லை, வேறு ஏதோ அதைக் கொல்கிறது. அது எது என்று பார்க்காமல் புது டர்போவை மாட்டிக் காசு வாங்கும் பட்டறைகள் மீது எனக்கு ரொம்ப நாளாகக் கோபம் உண்டு.

டர்போவின் ஷாஃப்ட் (ஃபேன்களை இணைக்கும் தண்டு) நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுவரை சுற்றும். ஒரு பக்கம் 600 டிகிரிக்கு மேல் கொதிக்கும் புகை. அந்த ஷாஃப்ட்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஏற்றத்தில் லோடு இழுத்துவந்த வண்டியை டீக்கடை வாசலில் சட்டென்று அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், சூடு நிற்காது. உள்ளே தங்கிய ஆயில் கருகிக் கரியாகும். அந்தக் கரி ஆயில் வரும் பைப்பை அடைக்கும். அதே பைப்பில் புது டர்போவைப் போட்டால் பட்டினி போட்டதுபோல் ஆகும்.

எனவே டர்போ மாற்றும்போது ஆயில் ஃபீட் பைப்பைக் கழுவி மாட்டாதீர்கள், புதிதே போடுங்கள். ஆயில் திரும்பும் பைப் நசுங்கியிருக்கிறதா பாருங்கள். அதன் கேஸ்கெட்டுக்கு சிலிக்கான் பேஸ்ட் அப்பினால் அது உள்ளே பிதுங்கி வழியை அடைக்கும். பழைய டர்போவின் ஃபேன் உடைந்திருந்தால் அந்தத் துண்டுகள் இன்டர்கூலரில் கிடக்கும், கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். இன்ஜினில் பேக் கம்ப்ரஷன் அடித்தால் (ரிங் தேய்ந்து, எரிந்த புகை கீழே ஆயில் பக்கம் இறங்கினால்) டர்போவிலிருந்து ஆயில் கீழே இறங்காது, சீல் வழியாகத் தள்ளும். அப்போது தப்பு டர்போவில் இல்லை, ரிங்கில். ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, டர்போவுக்குள் கொஞ்சம் ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் ஆனதும் ஒரு நிமிடம் ஆக்சிலேட்டரைத் தொடாமல் விடுங்கள். லோடு இழுத்த பிறகு, அணைக்கும் முன் இரண்டு மூன்று நிமிடம் ஸ்லோவில் ஓடட்டும். முன்பும் எழுதியிருக்கிறேன், மறுபடியும் எழுதுவேன்.

பழைய டாடா 407-இல் வெளியே டர்போ கிட் வாங்கி மாட்டலாமா? (பாகூர்)

கூடாது. அந்த பிஸ்டனும் ஹெட் கேஸ்கெட்டும் அந்த அழுத்தத்துக்குச் செய்ததில்லை. காற்றைக் கூட்டினால் பம்பில் டீசலையும் கூட்டத் தோன்றும். அப்புறம் பிஸ்டன் உருகும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும் இப்படி மாற்றுவதற்கு எதிராக இருக்கிறது.

ஏர் ஃபில்டரைத் தினமும் காற்றடித்துச் சுத்தம் செய்கிறேன். போதுமா? (நெய்வேலி)

தினமும் செய்வதுதான் தப்பு. கம்ப்ரஷர் காற்றில் பேப்பர் நுணுக்கமாகக் கிழியும். பிறகு சாம்பல் தூசி நேராக டர்போ ஃபேனையும் லைனரையும் தின்னும். டர்போ இல்லாத வண்டிக்கும் இதே கதிதான். அடைப்பு காட்டும் இண்டிகேட்டர் சிவப்பானால் புதிது போடுங்கள். உள் ஃபில்டரைக் கழுவவே வேண்டாம்.

மலைக்குக் காய்கறி லோடு அடிக்க எது நல்லது? (திருப்பாதிரிப்புலியூர்)

டர்போ. உயரம் 100 மீட்டர் கூடினால் சாதா இன்ஜின் சக்தியில் ஏறக்குறைய ஒரு சதவீதம் போகும். ஊட்டி 2,200 மீட்டர்.

செகண்ட் ஹேண்டில் டர்போ லாரி வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? (வில்லியனூர்)

இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், புகை குபுகுபுவென்று வந்தால் விட்டுவிடுங்கள். அணைத்து ஆறிய பிறகு டர்போவின் காற்று ஹோஸைக் கழற்றி ஷாஃப்ட்டை ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கும், பயப்பட வேண்டாம். முன்னும் பின்னும் ஆடினாலோ, ஃபேன் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ முடிந்தது. ஹோஸுக்குள் ஈரப்பசையாக ஆயில் இருப்பது சகஜம், குட்டையாகத் தேங்கியிருந்தால் பேக் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.