ஊருக்கு ஊர் ஸ்பானிஷ்: வாசகர் கேள்வி பதில்

ஸ்பானிஷில் ஏ2 என்கிற இரண்டாவது தொடக்க நிலையை முடித்துவிட்டேன். பாடப்புத்தகம் நன்றாகப் புரிகிறது. தொடர்களைப் பார்க்க உட்கார்ந்தால் பாதி வார்த்தை அகராதியிலேயே கிடைப்பதில்லை. என்ன செய்வது?
_வாசகி, பாளையங்கோட்டை_

பெரும்பாலான வார்த்தைகள் அகராதியில் இருக்கின்றன. உங்கள் காதில் விழுந்த உருவத்தில்தான் அவை இல்லை. 'மேலுக்குச் சரியில்ல' என்று நம் ஊரில் ஒருவர் சொல்வதைக் கேட்ட வெளியூர்க்காரர், மேல் கீழ் என்ற பொருளிலேயே நின்றுவிடுவார். உடம்பைச் சொல்கிறோம் என்று அவருக்குப் பிடிபடாது. உங்கள் சிக்கலும் அதுதான்.

முதலில், தொடர் எந்த நாட்டுடையது என்று பாருங்கள். அது தெரியாமல் ஒரு வார்த்தையையும் தேட வேண்டாம்.

அடுத்தது ஒலி. கரீபியன் தீவுகள், தென் ஸ்பெயின், சிலி ஆகிய இடங்களில் அசைக் கடைசியில் வரும் 'ஸ்' வெறும் மூச்சாகிவிடும், அல்லது விழுந்தேவிடும். 'லோஸ் அமீகோஸ்' (நண்பர்கள்) 'லோஹ் அமீகோ' ஆகும். 'எஸ்தா' என்பது 'தா' என்றும், 'பாரா' என்பது 'பா' என்றும், 'கன்சாதோ' (களைத்தவன்) என்பது 'கன்சாவோ' என்றும் கேட்கும். நாம் 'வந்துகொண்டிருக்கிறான்' என்பதை 'வந்துட்டிருக்கான்' என்று சுருக்குவதைப் போலத்தான். விழுந்த எழுத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தால் பல 'புதிய' வார்த்தைகள் உங்களுக்குத் தெரிந்த பழைய வார்த்தைகளாகவே இருக்கும்.

அப்படியும் பிடிபடாவிட்டால் எழுத்துக்கூட்டலை மாற்றித் தேடுங்கள். 'ஹ' என்று கேட்டால் முதலில் 'ஜே' போட்டும், பின்னால் எ, இ ஒலி வந்தால் 'ஜி' போட்டும் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கும் சொல் கிடைக்கவில்லையா? முன்னால் ஒலிக்காத 'ஹெச்' ஒன்று ஒளிந்திருக்கும். 'ப' ஒலிக்கு 'பி', 'வி' இரண்டையும் பாருங்கள். 'ய' ஒலிக்கு இரட்டை 'எல்', 'ஒய்' இரண்டையும் பாருங்கள். லத்தீன் அமெரிக்க 'ஸ' ஒலி 'எஸ்', 'இஸட்', 'சி' மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். அதிகம் பேர் சறுக்குவது 'வ', 'குவ' என்று தொடங்கும் வார்த்தைகளில். அங்கே 'ஜியு', 'ஹெச்யு', சில சமயம் 'டபிள்யு' என்று மூன்று வழி உண்டு.

தேடுவதற்கு இரண்டு அகராதிகள் போதும், இரண்டுமே இணையத்தில் இலவசம். ஒன்று, 1713-இல் தொடங்கப்பட்ட ரியால் அகாதெமியா எஸ்பஞோலாவின் பொது அகராதி. மற்றொன்று, ஸ்பானிஷ் மொழி அகாதெமிகளின் சங்கம் 2010-இல் வெளியிட்ட அமெரிக்கச் சொல் அகராதி. அதில் ஸ்பெயினின் கொச்சையைத் தேடாதீர்கள், அது அமெரிக்கக் கண்டத்து வார்த்தைகளுக்கு மட்டும். பொது அகராதியில் பொருளுக்கு முன்னால் வரும் சுருக்கக் குறியைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். 'மெஹ்.' என்றால் மெக்சிகோ, 'ஆர்ஹ்.' என்றால் அர்ஜென்டினா. 'கொலோக்.' பேச்சுவழக்கு. 'தெஸ்பெக்த்.' இழிவாகச் சொல்வது. 'மல்சொன்.' என்று கண்டால் அது சபையில் சொல்லக் கூடாதது. பொருளைவிட இந்தக் குறி முக்கியம்.

நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: வார்த்தை, நாடு, யார் யாரிடம் சொன்னார், எல்லா ஊருக்கும் பொதுவான சொல். 'பித்தீயோ' என்ற வார்த்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். கொலம்பியாவிலும் வெனிசுவேலாவிலும் அது இளநீர் குடிக்கிற ஸ்ட்ரா. ஸ்பெயினில் அது சிகரெட். ஸ்பெயினில் ஸ்ட்ராவுக்குப் 'பஹீத்தா', மெக்சிகோவில் 'பொபோத்தே', சிலியில் 'போம்பீயா'. அந்தப் போம்பீயா ஸ்பெயினுக்குப் போனால் மின்விளக்கு பல்பு. அர்ஜென்டினாவிலோ மாத்தே என்ற இலைச்சாற்றை உறிஞ்சும் உலோகக் குழல். நாடு என்ற பத்தியைக் காலியாக விட்டால் அந்த வரியே வீண்.

கப்பலில் வேலை பார்க்கிறேன். ஸ்பெயினில் வலென்சியா துறைமுகத்தில் பழகிய ஸ்பானிஷை மெக்சிகோவின் வெராக்ருஸில் பேசினால் சிரிக்கிறார்கள். 'பஸ் பிடிக்க வேண்டும்' என்றுதான் சொன்னேன்.
_வாசகர், உவரி_

'கொஹெர்' என்ற வினையைச் சொல்லியிருப்பீர்கள். ஸ்பெயினில் பஸ் பிடிக்க, பேனா எடுக்க, சளி பிடிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். மெக்சிகோ, அர்ஜென்டினா உட்பட லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியில் அது உடலுறவைக் குறிக்கும் கொச்சை. பஸ்ஸுக்கும் டாக்சிக்கும் 'தொமார்', கையால் பிடிப்பதற்கு 'அகர்ரார்' என்று பழகிக்கொள்ளுங்கள். இரண்டும் ஸ்பெயினிலும் புரியும் என்பதால் நாக்கை ஒரே தடவை மாற்றினால் போதும்.

துறைமுகங்களில் சுற்றுகிறவர் என்பதால் இன்னும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறோம். 'கோஞ்சா' ஸ்பெயினில் சிப்பி, மெக்சிகோவில் இனிப்பு பன், அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் பெண்ணுறுப்பைச் சொல்லும் கெட்ட வார்த்தை. 'பீச்சோ' ஸ்பெயினில் பூச்சி. புவெர்த்தோ ரிக்கோவிலும், 'பீக்கோ' (பறவையின் அலகு) சிலியிலும் ஆணுறுப்பைக் குறிக்கும். கியூபாவில் பப்பாளியைப் 'பப்பாயா' என்று கேட்காதீர்கள், 'ஃப்ரூத்தா போம்பா' என்று கேளுங்கள். கப்பல் சமையலறையில் உதவியாளரை ஸ்பெயின்காரர் 'பிஞ்சே' என்பார், அது வேலையின் பெயர். மெக்சிகோக்காரர் வாயில் அதே வார்த்தை வசவு.

தவறிச் சொல்லிவிட்டால் விளக்கம் சொல்ல முயல வேண்டாம். 'பெர்தோன், கோமோ செ தீசே அகீ?' என்று கேளுங்கள். மன்னிக்கவும், இங்கே எப்படிச் சொல்வார்கள் என்று பொருள். கேட்டவருக்குச் சொல்லித்தரத்தான் தோன்றும்.

'குவாகுவா' என்றால் பஸ் என்கிறார் ஒருவர், கைக்குழந்தை என்கிறார் இன்னொருவர். எது சரி?
_வாசகர், தென்காசி_

இரண்டும் சரி. கனரித் தீவுகள், கியூபா, புவெர்த்தோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசு ஆகிய இடங்களில் பஸ். சிலி, பொலிவியா, ஈக்வடார், பெருவில் கைக்குழந்தை, அது கெச்சுவா மொழியிலிருந்து வந்தது. பஸ்ஸுக்கு மெக்சிகோவில் 'கமியோன்', அர்ஜென்டினாவில் 'கொலெக்தீவோ' அல்லது 'போந்தி', சிலியில் 'மிக்ரோ'. 'அவுத்தோபுஸ்' என்றால் எல்லா ஊரிலும் புரியும்.

வீட்டிலிருந்தபடி மெக்சிகோ நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறேன். 'அஓரீத்தா அனுப்புகிறேன்' என்பார்கள். விடியும்வரை விழித்திருந்தாலும் கோப்பு வராது. ஏமாற்றுகிறார்களா?
_வாசகி, வண்ணார்பேட்டை_

இல்லை. அது வார்த்தையின் இயல்பு. 'அஓரா' என்றால் இப்போது. அதன் செல்ல வடிவம் 'அஓரீத்தா', பாடப்புத்தகப்படி 'இப்பவே'. மெக்சிகோவில் அது இந்த நிமிடமாகவும் இருக்கலாம், சாயங்காலமாகவும் இருக்கலாம். முகத்தில் அடித்தாற்போல் 'இல்லை' சொல்லாமலிருக்கவும் அதைச் சொல்வார்கள். 'இந்தா வந்துட்டேன்' என்று வீட்டிலிருந்தபடியே சொல்கிறோமே, அந்த 'இந்தா'தான் இது. டொமினிக்கன் குடியரசிலும் புவெர்த்தோ ரிக்கோவிலும் அதற்குப் 'பிறகு' என்றே பொருள்.

கோபப்படாமல் மணி கேளுங்கள்: 'அ கே ஓரா, மாஸ் ஓ மேனோஸ்?' (ஏறக்குறைய எத்தனை மணிக்கு?). அந்த 'மாஸ் ஓ மேனோஸ்' கேள்வியின் கூர்மையைக் குறைக்கும். பதில் கிடைத்ததும் நம் நேரத்துக்கு மாற்றி எழுதி அனுப்புங்கள். மெக்சிகோ நகரத்தைவிட நாம் பதினொன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அவர்களுக்குச் சாயங்காலம் 6 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 5.30.

உங்களுக்குச் சரியாகக் கேட்காதபோது 'கே?' (என்ன?) என்று கேட்டுவிடாதீர்கள், அங்கே அது வெடுக்கென்று ஒலிக்கும். 'மாந்தே?' என்று கேளுங்கள். பெரியவர் கூப்பிட்டால் 'என்ன' என்காமல் 'சொல்லுங்க' என்கிறோமே, அதே மரியாதை.

கொலம்பியாக்காரரோடு வேலை வந்தால் வேறொன்று கவனிக்க வேண்டும். போகோட்டாவில் கூடப்பிறந்தவர்கள்கூட ஒருவரையொருவர் 'உஸ்தே' (நீங்கள்) என்பார்கள், அது கோபமோ விலகலோ அல்ல. 'மே ரெகாலா உன் தீந்தோ?' என்றால் சொல்லுக்குச் சொல் 'எனக்கு ஒரு தீந்தோ பரிசளிப்பீர்களா?' என்று வரும். இனாம் கேட்கவில்லை, கடையில் காசு கொடுத்துத்தான் குடிப்பார்கள். அங்கே தீந்தோ பால் சேர்க்காத கடுங்காப்பி. ஸ்பெயினில் தீந்தோ கேட்டால் சிவப்பு ஒயின் வரும்.

நண்பர்களைக் கூப்பிடும் வார்த்தைகளை நானும் பயன்படுத்தலாமா?
_வாசகர், திருநெல்வேலி டவுன்_

கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள். சொல்வதற்கு அவசரப்பட வேண்டாம். 'ஏலே' என்பதை மூத்தவர் இளையவரிடம் சொன்னால் உரிமை, நேற்றுப் பழகிய வெளியூர்க்காரர் நம் அப்பாவிடம் சொன்னால் சண்டை. 'சவத்து மூதி' என்பதில் பாசமும் உண்டு, வசவும் உண்டு, குரல்தான் பிரித்துக் காட்டும்.

அர்ஜென்டினாவின் 'பொலூதோ' அப்படியே நம் 'மூதி'. உயிர் நண்பனையும் அப்படித்தான் அழைப்பார்கள், சாலையில் வண்டியை இடித்தவனையும் அப்படித்தான் திட்டுவார்கள். மெக்சிகோவின் 'வெய்' காளைமாட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து முட்டாள் என்றாகி, இப்போது ஆணும் பெண்ணும் வாக்கியத்துக்கு வாக்கியம் சொல்லும் 'மக்கா' ஆகிவிட்டது. ஸ்பெயினில் 'தீயோ', அதாவது மாமா. கடைக்காரரை 'அண்ணாச்சி' என்பது போல உறவுமுறையை வெளியாளுக்கு வைத்ததுதான், ஆனால் அண்ணாச்சியில் உள்ள மரியாதை அதில் கிடையாது. கடைக்காரரைத் தீயோ என்றழைக்காதீர்கள். கொலம்பியாவின் மெதெயின் நகரில் 'பார்சே', வெனிசுவேலாவில் 'பானா' ஆகியவை வசவிலிருந்து வந்தவை அல்ல, ஆபத்து குறைவு. அப்போதும் எதிராளி உங்களை முதலில் அப்படி அழைக்கட்டும்.

அர்ஜென்டினாக்காரர் 'போஷோ' என்கிறார். அது என்ன?
_வாசகி, அம்பாசமுத்திரம்_

கோழி, அதாவது 'போயோ'. புவெனோஸ் ஐரெஸ் பக்கம் 'ய' ஒலி 'ஷ' ஆகும். 'காயே' (தெரு) 'காஷே', 'யோ' (நான்) 'ஷோ'. அங்கே நீ என்பதற்குத் 'தூ' கிடையாது, 'போஸ்'. வினையும் மாறும்: 'தூ தியேனெஸ்' இல்லை, 'போஸ் தெனேஸ்'. 'தூ எரெஸ்' இல்லை, 'போஸ் சோஸ்'.

இத்தாலியக் குடியேறிகள் ஏராளமாக வந்த நகரம் என்பதால் வேலைக்கு இத்தாலிய 'லவோரோ'விலிருந்து வந்த 'லபூரோ'வும் புழங்கும். அசைகளைத் திருப்பிப் போட்டுப் பேசும் வழக்கமும் உண்டு. 'அமீகோ' 'கொமீயா' ஆகும், 'கஃபே' 'ஃபேகா' ஆகும். அதன் பெயரே 'பெஸ்ரே', 'ரெவேஸ்' (தலைகீழ்) என்பதைத் திருப்பிப் போட்டது. புரியாத வார்த்தை வந்தால் ஒரு முறை திருப்பிப் பாருங்கள்.

தேலே என்ற ஸ்பானிஷ் தகுதித் தேர்வுக்குக் கொச்சைச் சொற்கள் படிக்க வேண்டுமா?
_வாசகர், வள்ளியூர்_

தொடக்க நிலைகளுக்கு வேண்டாம். ஆனால் ஒலிப்பதிவுகளில் பல நாட்டு உச்சரிப்புகள் வரும் என்பதால் ஸ்பெயின், மெக்சிகோ, அர்ஜென்டினா மூன்றையும் தினம் பத்து நிமிடமாவது மாற்றி மாற்றிக் கேளுங்கள். எழுத்திலும் பேச்சிலும் எந்த நாட்டு வழக்கும் ஏற்கப்படும். ஒரே கடிதத்தில் ஒரு வரியில் 'போசோத்ரோஸ்', அடுத்த வரியில் அதே ஆட்களை 'உஸ்தேதெஸ்' (இரண்டுமே பலரை அழைக்கும் 'நீங்கள்') என்று கலக்காமல் இருந்தால் சரி.