சீன மருந்துக் கூட்டில் இத்தனை சரக்குகள் எதற்கு? குய் ஜி டாங்கை வைத்து ஒரு பதில்

கேள்வி: சீன மருத்துவத்தில் ஏன் ஒரே மூலிகையைக் கொடுக்காமல் நான்கைந்து சரக்குகளைச் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள்? அவை ஒன்றோடொன்று சேர்ந்து என்ன செய்கின்றன? வீட்டிலேயே காய்ச்சிக் குடிக்கலாமா?

இதற்குப் பொதுப்படையாகப் பதில் சொன்னால் எதுவும் விளங்காது. ஒரு கூட்டை எடுத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். நான் எடுத்துக்கொள்வது குய் ஜி டாங், சளிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் ஒரு பழைய சீனக் கஷாயம். சிங்கப்பூரில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். என்னிடம் இரத்த அழுத்த மாத்திரை வாங்குகிறவர்களில் பலர் சீன மருந்துக்கடையிலும் பொட்டலம் வாங்குகிறவர்கள். அவர்கள் என்ன குடிக்கிறார்கள் என்று தெரியாமல் மாத்திரையை எடுத்து நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால்தான் இவற்றைப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் என்னை இன்றுவரை விடாமல் பிடித்து வைத்திருப்பது இந்தக் கூட்டுதான்.

கீழை ஹான் பேரரசு சரிந்துகொண்டிருந்த காலம். ஜாங் ஜோங்ஜிங் என்ற மருத்துவர் தன் நூலின் முன்னுரையில், இருநூறு பேருக்கு மேல் இருந்த தன் குலத்தில், கி.பி. 196-இல் தொடங்கிய ஜியான்-ஆன் ஆண்டுகளுக்குப் பிறகு பத்து வருடம்கூட ஆகுமுன் மூன்றில் இரண்டு பங்கினர் இறந்துபோனதாகவும், அவர்களில் பத்தில் ஏழு பேரைக் கொண்டுபோனது குளிர் தாக்கிய காய்ச்சல் என்றும் எழுதுகிறார். அந்தத் துயரத்திலிருந்து பிறந்த நூலின் ஒரு பகுதிதான் 'ஷாங் ஹான் லுன்' என்று நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. போர்களில் சிதறிப்போன ஏடுகளைப் பின்னால் வந்த வாங் ஷூஹே என்ற மருத்துவர் தொகுத்தார். 1065-இல் சோங் அரசின் பதிப்பகம் திருத்திப் பதிப்பித்தது. நூறு கூட்டுகளுக்கு மேல் உள்ள அந்த நூலில் முதலில் வருவது குய் ஜி டாங். சிங் பேரரசுக் காலத்து உரையாசிரியர் கே சின் இதை எல்லாக் கூட்டுகளுக்கும் முடி என்று கொண்டாடினார். எனக்கும் அது மிகைப் புகழ்ச்சியாகத் தோன்றவில்லை.

சரக்குகள் ஐந்தே ஐந்து. குய் ஜி, அதாவது காசியா மரத்தின் இளங்குச்சி, 3 லியாங் (பழைய சீன எடை). (நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் தடித்த பட்டையும் பெரும்பாலும் காசியா இனம்தான், இலங்கைக் கறுவா வேறு.) பாய் ஷாவ், பியோனிச் செடியின் தோல் சீவிய வேர், 3 லியாங். பச்சை இஞ்சி 3 லியாங். வறுத்த அதிமதுரம் 2 லியாங். சீன இலந்தை 12 பழம், பிய்த்துப் போட வேண்டும். ஹான் காலத்து லியாங் ஏறத்தாழ 15 கிராம். இன்றைய பாடநூல்களோ குச்சி, பியோனி, இஞ்சி மூன்றையும் 9 கிராம், அதிமதுரத்தை 6 கிராம், இலந்தையை மூன்று நான்கு என்று சுருக்கிவிட்டன. எடை குறைந்தாலும் 3:3:3:2 என்ற விகிதத்தில் கை வைக்கவில்லை. கூட்டின் உயிர் அந்த விகிதத்தில் இருக்கிறது.

யாருக்கான மருந்து இது? காய்ச்சல் இருக்கிறது, காற்று பட்டால் உடம்பு கூசுகிறது, தலைவலிக்கிறது, மூக்கு அடைத்து இரைகிறது, குமட்டுகிறது. நாடி மேலாக ஓடுகிறது, ஆனால் தளர்ந்திருக்கிறது. இதோடு உடம்பு கசகசவென்று வியர்த்துக்கொண்டே இருக்கிறது, காய்ச்சலோ இறங்கவில்லை. இப்படி ஏற்கெனவே வியர்க்கிற ஆளுக்கு நூல் கொடுக்கச் சொல்வது வியர்வை வரவழைக்கும் மருந்தை! முதலில் படித்தபோது எனக்கு இது முரணாகப்பட்டது. அந்த முரண் அவிழும்போது கூட்டும் புரிந்துவிடுகிறது.

அந்த மருத்துவத்தின் கணக்கில் உடம்பின் மேற்புறத்தைக் காப்பது வெய். தோலைச் சூடாக வைத்திருப்பதும் வியர்வைத் துளைகளைத் திறந்து மூடுவதும் அதன் வேலை. உள்ளே ஓடி ஊட்டம் தருவது யிங்; வியர்வைக்கான நீர் அதிலிருந்து வருகிறது. இவற்றை நுண்ணோக்கியில் தேட வேண்டாம், அந்த மருத்துவம் உடம்பைப் பார்க்கும் கண் அது. நம் நோயாளியிடம் வெய் வெளியே நோயோடு மல்லுக்கட்டுகிறது. துளைகளைக் காக்க ஆள் இல்லை. யிங் கசிந்து வீணாகிறது. அந்தக் கசிவு நோயை வெளியேற்றும் வியர்வை அல்ல, இழப்பு மட்டுமே. ஆகவே மருந்து ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்தாக வேண்டும்: நோயை வெளியே தள்ள வேண்டும், கசிவதை உள்ளே பிடித்து வைக்கவும் வேண்டும். ஒரே மூலிகையை எப்படிக் கொடுப்பது?

குச்சி காரமும் இனிப்பும் உள்ளது, உடம்பைச் சூடாக்கும். அதன் போக்கு உள்ளிருந்து தோலை நோக்கி. பியோனி வேர் புளிப்பும் கசப்பும், சற்றுக் குளிர்ச்சி. அதன் போக்கு வெளியிலிருந்து உள்ளே. மரபில் குச்சியை அரசன் என்பார்கள், பியோனியை அமைச்சன் என்பார்கள், ஆனால் எடை இருவருக்கும் சமம். குச்சி மட்டும் போனால் ஏற்கெனவே கசிகிறவர் இன்னும் வற்றிப்போவார். பியோனி மட்டும் போனால் நோய் உள்ளேயே அடைபட்டுவிடும்.

துணைக்கு வருபவை இஞ்சியும் இலந்தையும். இஞ்சி குச்சியின் பக்கம் நின்று வெளியே தள்ள உதவுகிறது, கூடவே குமட்டலையும் அடக்குகிறது. இலந்தை பியோனியின் பக்கம் நின்று ஊட்டம் சேர்க்கிறது. இரண்டும் சேர்ந்து வயிற்றைத் தெம்பாக வைத்திருக்கின்றன. வியர்வைக்கான நீர் வயிற்றிலிருந்துதான் வர வேண்டும் என்பது அந்த மருத்துவத்தின் நம்பிக்கை.

அதிமதுரத்தைத் தூதன் என்று வகுத்து, எல்லாரையும் சமாதானப்படுத்துவது அதன் வேலை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. இதே நூலைக் கொஞ்சம் புரட்டினால் குச்சியும் அதிமதுரமும் மட்டும் சேர்ந்த ஒரு கூட்டு வருகிறது, 4 லியாங்குக்கு 2. அளவுக்கு மீறி வியர்த்ததால் நெஞ்சு படபடத்து, கைகளை மார்பில் வைத்து அழுத்திக்கொள்கிறவருக்கு அது. இன்னோர் இடத்தில் பியோனியும் அதிமதுரமும் மட்டும், 4-க்கு 4, கால் இழுத்துப் பிடிப்பவருக்கு. பின்னதை ஜப்பானில் இன்றும் கெண்டைக்கால் பிடிப்புக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். ஆக குய் ஜி டாங்குக்குள் இரண்டு சின்னக் கூட்டுகள் ஒளிந்திருக்கின்றன. காரமும் இனிப்பும் சேர்ந்து சூட்டை எழுப்புகின்றன. புளிப்பும் இனிப்பும் சேர்ந்து ஈரத்தைச் சேர்க்கின்றன. இரண்டிலும் கால் வைத்து நிற்பது அதிமதுரம் ஒன்றுதான்.

'இஞ்சியின் பயன்கள் பத்து' என்பது போன்ற பட்டியல்களால் ஒரு கூட்டைப் புரிந்துகொள்ள முடியாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். ஜாங் ஜோங்ஜிங்கே இதற்குச் சாட்சி தருகிறார். இதே ஐந்து சரக்குகள், எதையும் சேர்க்காமல் எடுக்காமல், பியோனியை மட்டும் 3-இலிருந்து 6 லியாங் ஆக்கினால் அது வயிற்றுவலிக்கான மருந்து. அதோடு தானியத்தின் முளைப்பாகைச் சேர்த்தால் சியாவ் ஜியான் ஜோங் டாங், பலம் குன்றி வயிறு இழுத்து வலிப்பவருக்கு. பியோனியை அப்படியே விட்டுக் குச்சியை 5 லியாங் ஆக்கினால், அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று நெஞ்சை நோக்கிப் பாய்ந்து வருவதுபோல் தவிக்கிறவருக்கு. பியோனியை எடுத்தேவிட்டால், பேதி மருந்து தவறாகக் கொடுக்கப்பட்டு நெஞ்சு அடைத்துப் போனவருக்கு. குச்சியும் பியோனியும் சமமாக நிற்கிற அந்த ஒரே புள்ளியில்தான் குய் ஜி டாங் குய் ஜி டாங்காக இருக்கிறது.

வியர்க்காத காய்ச்சலுக்கு இது கூடாது என்றும் நூல் கண்டிப்பாகச் சொல்கிறது. குளிர் நடுக்கம், உடம்பு வலி, நாடி மேலாக ஓடினாலும் முறுக்கேறி இருப்பது, துளி வியர்வை இல்லாதது என்றால் அங்கே மா ஹுவாங் டாங். அதில் பிடித்து வைக்கும் பியோனிக்கு இடமில்லை. மா ஹுவாங் செடியிலிருந்துதான் 1885-இல் ஜப்பானிய வேதியியலர் நாகாய் நாகயோஷி எபிட்ரின் என்ற மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்தார். இரண்டும் சளிக்காய்ச்சலுக்கான சீன மருந்துதானே என்று மாற்றிக் குடிப்பவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காய்ச்சும் முறை எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 7 ஷெங் நீர் விட்டு, சிறு தீயில் 3 ஷெங் ஆக வற்றவைத்து வடிகட்ட வேண்டும். ஒரு ஷெங் ஏறத்தாழ 200 மி.லி. வெதுவெதுப்பாக ஒரு ஷெங் குடித்துச் சற்று நேரத்தில் சூடான நீர்க்கஞ்சி ஒரு ஷெங் குடிக்க வேண்டும். பிறகு போர்த்திப் படுத்து, சுமார் இரண்டு மணி நேரம், உடம்பு முழுக்க லேசாகப் பூத்தாற்போல் வியர்க்கும்வரை இருக்க வேண்டும். ஆறாக ஓடினால் நோய் போகாது என்று நூலே எச்சரிக்கிறது. முதல் வேளையிலேயே நோய் விட்டால் மிச்சத்தைக் குடிக்கக் கூடாது. பச்சையாகவும் குளிர்ச்சியாகவும் இருப்பவை, வழுவழுப்பானவை, இறைச்சி, மாவுப் பண்டம், மது, பால் பொருள் எல்லாம் விலக்கு. அந்தக் கஞ்சியை நான் ஆறாவது சரக்கு என்றே எண்ணுகிறேன். வெளியே போகப்போகிற நீருக்கு ஈடு கொடுப்பது அதுதான், மருந்தின் வேகத்தைக் கூட்டுவதும் அதுதான். இன்று பொடியாகவும் குளிகையாகவும் வாங்கி, ஏசி அறையில் உட்கார்ந்து ஒரு மடக்கு நீரில் விழுங்குகிறவர்கள் கூட்டின் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஜப்பானில் இதன் பெயர் கெய்ஷிடோ. அங்கே குச்சிக்குப் பதில் காசியாப் பட்டையைப் போடுகிறார்கள். 1976-இல் கம்போ மருந்துகள், அதாவது சீன மரபிலிருந்து வந்த ஜப்பானிய மருந்துகள், பெருமளவில் அந்நாட்டு மருத்துவக் காப்பீட்டுக்குள் வந்தன. இன்று மேற்கத்திய மருத்துவம் படித்த டாக்டர்களே இதை எழுதிக் கொடுக்கிறார்கள்.

வீட்டில் செய்யலாமா என்ற கேள்விக்கு என் பதில்: நீங்களாகவே வேண்டாம். இந்த நோயாளிதான் நீங்கள் என்று முடிவு செய்ய, நாடி பார்க்கவும் வியர்வையின் தன்மையை விசாரிக்கவும் தெரிந்தவர் வேண்டும்; பதிவு பெற்ற சீன மருத்துவரிடம் போங்கள். இன்னொன்று, நான் தினமும் கவலைப்படும் விஷயம். அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்டிசோல் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. அதனால் உடம்பில் உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் வெளியேறும். அளவு கூடினாலோ நாள் நீண்டாலோ இரத்த அழுத்தம் ஏறலாம், கால் வீங்கலாம், தசைகள் பலமிழக்கலாம். நீர் பிரியும் மாத்திரையோ டிகாக்சின் என்ற இதய மாத்திரையோ சாப்பிடுகிறவருக்கு ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் இதயத்துக்கு நஞ்சாகும். ஒன்றிரண்டு நாள் சளிக்காய்ச்சலுக்குக் குடிப்பதும் மாதக்கணக்கில் உடம்புக்கு நல்லது என்று குடிப்பதும் ஒன்றல்ல. சீன மருந்து, சித்த மருந்து எதுவானாலும் அதிமதுரம் சேர்ந்த கஷாயம் குடிக்கிறீர்கள் என்றால், மாத்திரை வாங்கும் இடத்தில் அதையும் சொல்லுங்கள். பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கும் சரக்குப் பட்டியலைப் படம் எடுத்துக் காட்டினாலும் போதும்.