வாலைப் பார்த்துக் கிழியுங்கள்

கேள்வி: ஆங்கிலத்தில் டேர் (tear) அப், டேர் டவுன், டேர் ஆஃப் எல்லாமே கிழிப்பதுதானே? பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் வாலால் என்ன வந்துவிடப் போகிறது? மகளுக்குப் பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள்.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: என்ன வரும் என்று என்னைக் கேளுங்கள். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் சேர்ந்த புதிது. சாம்பிள் டி-ஷர்ட்டின் கழுத்து லேபிளைப் பிய்த்துவிட்டு வேறு தைக்கட்டுமா என்று சரக்கு வாங்கும் லண்டன் பையருக்கு மெயில் போட்டேன். அதில் 'டேர் டவுன்' என்று எழுதிவிட்டேன். "லேபிளைத்தானே சொல்கிறீர்கள், ஃபேக்டரியை இல்லையே?" என்று பதில் வந்தது.

டேர் டவுன் என்றால் இடித்துத் தள்ளுவது. 1987-இல் பெர்லினில் பேசிய அமெரிக்க அதிபர் ரீகன், சோவியத் தலைவர் கோர்பச்சேவை விளித்து 'இந்தச் சுவரை இடியுங்கள்' என்றாரே, அங்கே சொன்னது இதைத்தான். சுவரொட்டியைக் கிழித்துக் கீழே போட்டாலும் டேர் டவுன்தான். என் லேபிளுக்கு வேண்டியது டேர் ஆஃப். ஒட்டியிருந்த இடத்தை விட்டு வருகிறது இல்லையா?

அப் என்றால் மேலே என்று மகள் எழுதினால் திருத்துங்கள். இங்கே அது 'மிச்சமில்லாமல்'. ஈட் அப் என்றால் தட்டு காலி, டேர் அப் என்றால் கடிதம் சுக்கல் சுக்கல். நாமும் இதைத்தான் செய்கிறோம்: கிழித்தெடு, கிழித்துப்போடு, கிழித்தெறி. நம் வால் இன்னொரு வினை, அவர்கள் வால் சின்னச் சொல், அவ்வளவுதான். பட்டியலுக்குப் பதில் பழைய நோட்டுத்தாள் நாலு கொடுத்துக் கிழிக்கச் சொல்லுங்கள், பதியும்.

அபார்ட் மட்டும் கொஞ்சம் கவனம். நாய் தலையணையைக் குதறிப் பஞ்சு பறந்தால் டேர் அபார்ட். மெக்கானிக் மிக்ஸியைக் கழற்றி மேஜையில் பரப்பினால் டேக் அபார்ட். அதைத் திரும்ப மாட்டிவிடலாம் (மாட்டும்போது ஒரு ஸ்க்ரூ மிஞ்சும், அது வேறு கதை). தையல் விட்டுப்போனால் கம் அபார்ட். இதை நான் பையரிடமிருந்து அடிக்கடி வாங்கியிருக்கிறேன்.

அப்புறம் ஒரு பொறி. அதே எழுத்துக்களை 'டியர் அப்' என்று படித்தால் கண் கலங்குவது. இறந்தகாலம் டியர்ட் அப். கிழித்ததற்கான 'டோர் அப்' (tore up) என்று எழுதினால் அழுதவள் எதையோ கிழித்துவிடுவாள்.

கேள்வி: நூல், கண்ணாடி, குச்சி எல்லாவற்றுக்கும் 'பிரேக்' போதாதா?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: பிழை இல்லை, ருசி இல்லை. நாம் நூலை 'உடைந்தது' என்போமா? அறுந்தது என்போம். பட்டென்று அறுந்தாலும் ஒடிந்தாலும் ஸ்னாப். கண்ணாடி சில்லுசில்லாகச் சிதறினால் ஷாட்டர், கீறல் விட்டதோடு நின்றால் கிராக். விறகைப் பிளந்தால் ஸ்ப்ளிட். சப்பாத்தியைப் பிய்க்க டேர் இருக்கிறது. இட்லியைப் பிட்டுச் சாப்பிடுவதற்குத்தான் இத்தனை வருஷமாகத் தேடுகிறேன். 'பிரேக் ஆஃப்' என்று எழுதினால் நேற்று வைத்த இட்லி மாதிரி இருக்கிறது.