பிள்ளை இருந்தால் பென்ஷன் கிடையாதா?

கேள்வி: பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 68 வயது. தாத்தா இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகன்கள் இரண்டு பேரும் திருப்பூரில் கூலி வேலை, பொங்கலுக்கு வந்தால் உண்டு. முதியோர் பென்ஷனுக்கு இரண்டு தடவை மனு போட்டும் 'மகன்கள் உள்ளனர்' என்று தள்ளிவிட்டார்கள். பிள்ளை பெற்றவர்களுக்கு இந்தப் பணம் கிடையாதா?
– வாசகி, விருத்தாசலம்

பதில்: கிடைக்கும், சகோதரி. விட்டுவிடாதீர்கள். 60 வயது ஆகியிருக்கிறதா, வறுமையில் இருக்கிறாரா, பிழைக்க வேறு வழி உண்டா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மகன் இருக்கிறான் என்பதும் மகன் சோறு போடுகிறான் என்பதும் ஒன்றா? ஆனால் ரேஷன் கார்டில் மகன் பெயரைப் பார்த்ததுமே 'மகன் ஆதரவில் இருக்கிறார்' என்று எழுதிவிடுவது பல ஊர்களில் நடக்கிறது. பாட்டி தனியாக உலை வைக்கிறார் என்றால் முதலில் அவர் பெயரில் தனி கார்டுக்கு எழுதிப் போடுங்கள். அது கைக்கு வந்த பிறகு இ-சேவை மையத்தில் புது மனு.

அதற்கு முன் ஆதார் அட்டையில் பிறந்த வருடத்தைப் பாருங்கள். அந்தத் தலைமுறையில் பலருக்கு யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன தேதிதான் ஏறியிருக்கும். அதன்படி வயது 58 என்று வந்தால், பாட்டியின் நரையை யாரும் பார்க்கப் போவதில்லை.

மனு போட்டதோடு வேலை முடியாது. விஏஓ நேரில் விசாரித்து எழுத வேண்டும், அது ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வழியாக சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும், அவர்தான் உத்தரவு போடுபவர். என் அத்தைக்கு நடந்ததைச் சொல்கிறேன். விசாரிக்க வந்த அன்று அவர் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார், வீடு பூட்டியிருந்தது, மனு அப்படியே திரும்பிவிட்டது. யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்கள் நாலு மாதம் பணம் வரும் வரும் என்று காத்திருந்தோம். அடுத்த தடவை நானே விஏஓ அலுவலகத்துக்கு அத்தையைக் கூட்டிப்போய், என்றைக்கு வருவீர்கள் என்று கேட்டு, அன்று வீட்டிலேயே உட்கார வைத்தேன். ஆணை வந்தது. படிக்கத் தெரிந்த ஒருவர் கூட நிற்பதில் அவ்வளவு இருக்கிறது, பாட்டிக்காக நீங்கள் அதைச் செய்யுங்கள்.

மறுபடியும் தள்ளினால், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். ஏன் தள்ளினார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பதற்குச் சான்று வைத்தால் அந்த 10 ரூபாய் கட்டணமும் இல்லை.

இந்தப் பென்ஷன் 1962-ல் 20 ரூபாயில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட்டில்தான் 1,000 ரூபாய் 1,200 ஆனது, இதில் 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு வெறும் 200. மாத்திரைக்கும் பாலுக்குமே போய்விடும் தொகைதான். இருந்தாலும் பாட்டி யாரிடமும் கை நீட்டாமல் செலவழிக்கும் பணம் அது.

கேள்வி: என் தம்பிக்குப் போலியோவால் ஒரு கால் இல்லாத மாதிரிதான், 50 சதவீதம் என்று அட்டையில் இருக்கிறது. 2,000 ரூபாய்க்கு எழுதிப் போட்டோம், கிடைக்கவில்லை.
– வாசகர், தேனி

பதில்: கதவு மாறிப் போய்விட்டது. 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருவது, கை கால் பாதிப்பு என்றால் 75 சதவீதமாவது இருக்க வேண்டும். அறிவுசார் குறைபாட்டுக்கு 40 போதும். தம்பி கேட்க வேண்டியது வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி பென்ஷன்: 18 வயது ஆகி, 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ள ஏழைகளுக்கு. 2023 ஜனவரியிலிருந்து அது 1,500 ரூபாய். இதற்கும் தாலுகா ஆபீஸ்தான். பழைய மாற்றுத்திறனாளி அடையாளப் புத்தகம் மட்டும் இருந்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு யுடிஐடி என்ற தனித்துவ அடையாள அட்டையையும் கையோடு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: அம்மாவின் கைரேகை பேங்க் ஏஜெண்ட் மெஷினில் விழுவதே இல்லை. விழுகிற மாதம் 50 ரூபாய் எடுத்துக்கொள்கிறார்.
– வாசகி, ஆரணி

பதில்: அந்த 50 ரூபாயைக் கொடுக்காதீர்கள், பென்ஷன்காரர் ஏஜெண்டுக்கு எதுவும் தர வேண்டியதில்லை. காலமெல்லாம் நாற்று நட்ட, பாத்திரம் தேய்த்த விரல்களில் ரேகை தேய்ந்துபோவது சாதாரணம். பாஸ்புக்கோடு கிளைக்கே கூட்டிப்போனால் படிவத்தில் பெருவிரல் வைத்துப் பணம் எடுக்கலாம், மெஷின் வேண்டாம். அம்மாவால் நடக்க முடியாது என்றால் மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். முதியோருக்கான 14567 என்ற இலவச எண்ணும் இருக்கிறது, கூப்பிட்டு விவரத்தைச் சொல்லுங்கள்.